1999 எஸ்டீமுக்கு வைசர் செய்த கதை: இரண்டு தோல்வி, ஒரு பேட்டர்ன் கடை

கார் 1999ஆம் வருடத்து மாருதி எஸ்டீம். அப்பா வாங்கியது, இன்றும் அப்பாவுடையதுதான். ஓட்டுவது மட்டும் நான். அவருக்கு வயது 78. ஏ.சி. போட்டால் மூச்சு முட்டுகிறது என்பார். அணைத்தால் கண்ணாடியை இறக்குவார். மழை வந்தாலும் ஏற்ற மாட்டார். கோவையில் ஜூன் பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வரும். அடித்துப் பெய்யாது, சதா நசநசவென்று தூறும். மூன்று வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் அவருடைய இடது தோளும், கதவின் உள்பக்கத் துணியும், பவர் விண்டோ சுவிட்சும் நனைந்துகொண்டே இருந்தன. சுவிட்ச் ஒருமுறை செத்தும் போனது.

இதற்கு மருந்து ஊரறிந்தது. கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஒட்டுகிற வளைந்த பிளாஸ்டிக் பட்டை, அதாவது வைசர். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் தண்ணீர் உள்ளே வராது. கார் ஓடும்போது பக்கவாட்டில் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று அந்த இடுக்கு வழியாக வெளியே இழுக்கப்படும். இன்று ஓடுகிற எந்த வண்டிக்கும் எந்த ஆக்சசரீஸ் கடையிலும் கிடைக்கும். எஸ்டீமுக்குக் கிடைக்காது.

ஏன் என்பது சுலபமான கணக்கு. 1990இல் வந்த மாருதி 1000இன் உடம்புதான் 1994இல் 1298 சிசி இன்ஜினோடு எஸ்டீம் ஆனது. 2008இல் ஸ்விஃப்ட் டிசையர் வந்தபோது அதன் காலம் முடிந்தது. கடையில் விற்கும் வைசர், அச்சுக்குள் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்திச் செய்வது. அந்த உருக்கு அச்சுக்குப் போட்ட காசு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். ரோட்டில் இல்லாத வண்டிக்கு யார் அச்சு வைத்திருப்பார்கள்? உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன். சென்னைக்குப் போனபோது ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டேன். புதுப்பேட்டையில் எஸ்டீமின் முழுக் கதவே கிடைத்தது, வைசர் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் சொன்னார்: “டிசையர்னா நாலு டிசைன் எடுத்துப் போடுறேன் சார். இதுக்கெல்லாம் அச்சையே இரும்புக் கடைக்குப் போட்டிருப்பாங்க.” இதே கார் பாகிஸ்தானில் சுசுகி மார்கல்லா என்ற பெயரில் ஓடியது. லாகூரில் எங்காவது ஒரு கடையில் தூசு படிந்து ஒரு ஜோடி தொங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் எனக்கு என்ன?

ஒரு கிளைக்கதை. அம்பாசடரிலும் பத்மினியிலும் முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதைத் திருப்பி வைத்தால் காற்று வரும், மழை வராது. கூரை ஓரத்தில் தண்ணீர் வழிய ஒரு காடியும் இருக்கும். அப்புறம் வந்த கார்கள் வழுவழுவென்று இருக்க வேண்டும் என்று இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த வேலையைத்தான் இந்தப் பிளாஸ்டிக் பட்டை செய்கிறது. அப்பா கண்ணாடியை இறக்கி வைப்பதும் அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்றே நினைக்கிறேன்.

முதல் முயற்சி: வேறு காரின் வைசர்

கிட்டத்தட்ட இதே நீளமுள்ள இன்னொரு செடானின் வைசரை வாங்கி வெட்டிப் பொருத்தினேன். முன்னால் 4 செ.மீ. அதிகம் இருந்தது, ஹேக்சா பிளேடால் எடுத்தேன். வளைவு கொஞ்சம் ஒத்துவரவில்லை. நடுவில் வைத்து அழுத்தினால் இரண்டு முனையும் 6 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றன. முனைகளை அழுத்திப் பிடித்தால் சட்டத்தோடு உட்கார்ந்தன. நல்ல டேப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து ஒட்டிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அவினாசி ரோட்டில் முன் முனை பிரிந்து படபடவென்று அடித்தது.

அன்றைக்கு டேப்பைத் திட்டினேன். பிறகு கணக்குப் போட்டபோதுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. 3 மி.மீ. அக்ரிலிக்கில் 880 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம் என்றால் எடை சுமார் 250 கிராம். 10 மி.மீ. அகல டேப் அந்த நீளத்துக்கு 88 சதுர செ.மீ. பரப்பு தரும். நுரை டேப்புகளுக்குச் சொல்லும் பொது அளவு, நிரந்தரமாகத் தொங்கும் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 55 முதல் 60 சதுர செ.மீ. ஆக எடையைப் போல ஐந்தாறு மடங்கைத் தாங்கும். வைசரைப் பிரிப்பது எடை அல்ல. வளைத்துப் பிடித்த பிளாஸ்டிக் நிமிரப் பார்க்கிறதே, அந்த இழுப்பு. காற்று வந்து மோதுவது ஒரு நொடி, அதை டேப் தாங்கிவிடும். இந்த இழுப்புக்கு ராத்திரி பகல் கிடையாது. வெயிலில் டேப் இளகும்போதும் முனையில் ஓயாமல் உரித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு உசத்தியான டேப்பும் ஒருநாள் கைவிட்டுவிடும்.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி: கையில் பிடிக்காமல், அழுத்தாமல், கதவில் சாய்த்து வைத்தாலே சட்டத்தோடு பொருந்தி நிற்கவேண்டும். டேப் வேலை செய்யாமல் சும்மா இருக்கவேண்டும்.

மிச்சமிருந்ததையும் கழற்றினேன். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பை டேப்புக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல் இழுத்தால் வந்துவிடும். ஆனால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்த ஒரு இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. பழைய வண்டியில் இதை எதிர்பார்த்துத்தான் இறங்கவேண்டும்.

இரண்டாம் முயற்சி: நானே ராஜா

ஃபைபர் கிளாஸில் செய்யலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அச்சு எடுப்பது சுலபம்தான், ஆனால் அதன் வழியாக எதுவும் தெரியாது. கண்ணாடி ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை நின்று பைக்காரரை மறைக்கும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். 120 டிகிரியில் மணிக்கணக்கில் காய வைக்காமல் வளைக்கப் போனால் உள்ளே கொப்புளம் கொப்புளமாக வரும். அக்ரிலிக் 150 முதல் 165 டிகிரிக்குள் தோல் மாதிரி துவளும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். சைன்போர்டு கடையில் துண்டு துண்டாகவும் கிடைக்கும். எனவே அக்ரிலிக்.

கதவுச் சட்டத்தில் மாஸ்கிங் டேப்பும் பாலித்தீனும் சுற்றி, கண்ணாடியை முழுக்க ஏற்றி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த காஸ் துணியை அடுக்கி அச்சு எடுத்தேன். சைன்போர்டு கடையில் லேசரில் சரியாக 880 மி.மீ. நீளத்துக்கு வெட்டித் தந்தார்கள். விளிம்பு கண்ணாடி போல் பளபளத்தது. வீட்டு அவன் அடுப்பு போதாது. ஹீட் கன் ஒரு இடத்தில் பொசுக்கும், இன்னொரு இடத்தில் சூடே ஏறாது. கோவை கணபதி பகுதியில் தெரிந்தவருடைய பவுடர் கோட்டிங் பட்டறையில் ஆளுயர அவன் அடுப்பு இருக்கிறது. வேலை முடிந்த நேரத்தில் 160க்கு வைத்துத் தரச் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் ஷீட் தொங்கியது. எடுத்து அச்சின்மேல் போட்டு அழுத்தினேன். பிளாஸ்டர் இரண்டு இடத்தில் வெடித்தது, ஆனாலும் வடிவம் ஓரளவு வந்துவிட்டது. ஆறியதும் கதவில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் குறைவு. அளந்தேன், 863 மி.மீ. இன்னொரு தடவை அளந்தேன், அதேதான். வெட்டினவர்கள் தப்பாக வெட்டியிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன்.

அந்த எரிச்சலில், எதற்கும் ஒட்டிப் பார்க்கலாம் என்று விளிம்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். இரண்டு நிமிடத்தில் பளபளத்த விளிம்பு முழுக்க மயிரிழை மாதிரி விரிசல்கள் ஓடின. காது கொடுத்துக் கேட்டால் கிட்டத்தட்ட சத்தமே கேட்டிருக்கும். லேசர் வெட்டும்போது விளிம்பு உருகி ஆறும். உள்ளே இழுவிசை சிக்கிக்கொள்ளும். அங்கே ஸ்பிரிட்டில் இருக்கிற ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் வெடிக்கும். பெட்ரோல், தின்னர் பட்டாலும் இதே கதைதான்.

பேட்டர்ன் கடை

பிளாஸ்டர் உடைந்ததால் மர அச்சு வேண்டியிருந்தது. கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. பம்ப்பும் மோட்டாரும் செய்கிற ஊர்; ஃபவுண்டரி இருக்கிற இடத்தில் மணலில் அச்சுப் பதிக்க மரத்தில் மாதிரி செய்து தருகிற பேட்டர்ன் கடையும் இருக்கும். பட்டறைக்காரர் கைகாட்டிய கடையில் அறுபது வயதிருக்கும் ஒருவர் தேக்குக் கட்டையில் பம்ப் வால்யூட் (பம்ப்பின் நத்தை வடிவ உறை) செதுக்கிக்கொண்டிருந்தார். உடைந்த பிளாஸ்டரையும் விரிசல் விட்ட துண்டையும் அவர்முன் வைத்துக் கதையைச் சொன்னேன். 880க்கு வெட்டச் சொன்னேன், 863தான் வந்தது என்றதும் செதுக்குவதை நிறுத்தினார்.

“சுருக்கம் விட்டீங்களா தம்பி?”

“பிளாஸ்டிக்குக்குமா அண்ணா?”

“சூடு பண்ணி ஆற வச்சா எதுதானுங்க சுருங்காது?”

மேசையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து என் அளவு டேப்போடு சேர்த்துப் பிடித்தார். அவர் ஸ்கேலில் 100 என்று இருந்த கோடு என்னுடையதில் 101இல் நின்றது. பேட்டர்ன்காரர்களின் ஸ்கேல் அப்படித்தான். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அலுமினியம் ஒன்றேகால். அதை ஒவ்வொரு அளவிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று ஸ்கேலிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். இன்ஜினியரிங் படித்த நான் அப்படி ஒரு ஸ்கேலை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வார்த்துச் செய்த அக்ரிலிக் ஷீட் முதல்முறை சூடாகும்போது நீளத்திலும் அகலத்திலும் சுமார் 2 சதவீதம் சுருங்கும். 880இல் 2 சதவீதம் 17.6. எனக்குக் குறைந்தது 17. லேசர்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எக்ஸ்ட்ரூடட் ஷீட், அதாவது உருக்கி இழுத்துச் செய்தது என்றால் இன்னும் மோசம், இழுத்த திசையில் மட்டும் அதிகமாகச் சுருங்கும், குறுக்கே அப்படி இல்லை. விலை குறைவு என்று கடையில் அதைத் தலையில் கட்டுவார்கள். ‘காஸ்ட்’, அதாவது வார்த்தது என்று அழுத்திக் கேட்டு வாங்கவேண்டும்.

ஆனால் இரும்பும் இதுவும் ஒன்றல்ல. இரும்பு அச்சுக்குள் போன பிறகு சுருங்கும், எனவே அச்சைப் பெரிதாக்கவேண்டும். அக்ரிலிக் அச்சைத் தொடுவதற்கு முன்பே, அடுப்புக்குள்ளேயே சுருங்கிவிடுகிறது. ஆகவே அச்சு சரியான அளவில் இருக்கலாம், ஷீட்தான் பெரிதாக இருக்கவேண்டும். இதைப் போய்ச் சொன்னபோது அவர் ரொம்ப லேசாக ஒரு வழி சொன்னார்: “சும்மா ஒரு தடவ சூடு காட்டிச் சுருங்க விட்டுருங்க. அப்புறம் வெட்டுங்க.” அதைத்தான் செய்தேன்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். இடது பக்கத்து அச்சையே திருப்பிப் போட்டு வலது பக்கம் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சிரித்தார். செருப்பைத் திருப்பிப் போட்டால் மற்றக் காலுக்கு ஆகுமா? எதிர்ப்பக்கத்துக்குத் தனி அச்சு வேண்டும். அதையும் இடதைப் பார்த்துச் செய்யாமல் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி அளந்தார். நல்லவேளை. வலது முன்கதவு ஒரு விபத்துக்குப் பின் மாற்றியது. மேல் வளைவில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தது.

மூன்றாம் முயற்சி

அச்சின் வடிவத்தை மாற்றி யோசித்தோம். மேலே 12 மி.மீ. அகலத்துக்குச் சட்டத்தோடு ஒட்டும் தட்டைப் பகுதி. அங்கிருந்து வெளியே 22 மி.மீ. வரை தள்ளிப் பிறகு கீழே இறங்கும் பகுதி. முன்முனை, முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் ஓரத்தில் ஒல்லியாகி மறையவேண்டும். அங்கே அகலம் விட்டால் சைடு மிரரை மறைக்கும். பழைய அச்சில் அதை விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

லேசான ஸ்மோக் நிறத்தில் 3 மி.மீ. காஸ்ட் ஷீட் வாங்கினேன். அடர் கறுப்பு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத ஒளியை விடவேண்டும் என்று விதி சொல்கிற நாட்டில், 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட பிறகு, தூரத்திலிருந்து பார்க்கிற போக்குவரத்துக் காவலருக்குச் சந்தேகம் வரும்படி எதையும் ஒட்ட எனக்கு விருப்பமில்லை. எனக்கும் ராத்திரியில் பார்த்து ஓட்டவேண்டும்.

1,000 மி.மீ. நீளப் பட்டையாக ரம்பத்தில் அறுத்து, மேலே ஒட்டிய தாளை உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, முதல் தடவை தட்டையாகவே 160இல் பத்து நிமிடம். ஆறியதும் 981. அதில்தான் அளவு குறித்தேன், அதுவும் சுற்றிலும் 15 மி.மீ. கூடுதலாக விட்டு.

அச்சின்மேல் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை இரண்டு மடிப்பாக இழுத்து ஆணியடித்தோம். வெறும் மரத்தில் போட்டால் மரத்தின் ரேகை அப்படியே அக்ரிலிக்கில் பதியும். இரண்டாம் தடவை சூடாக்கி எடுத்தபோது கையில் இருந்தது அரை நிமிடம்கூட இல்லை. உள்ளே காட்டன், வெளியே தோல் என்று இரட்டைக் கையுறை. நான் ஒரு முனை, பட்டறைப் பையன் ஒரு முனை, பேட்டர்ன்காரர் நடுவில் ரீப்பர் கட்டையை வைத்துக் கிளாம்ப் போட்டார். முதலாவது முறுக்கிக்கொண்டது. பரவாயில்லை, அக்ரிலிக்குக்கு ஞாபக சக்தி உண்டு. மறுபடி அடுப்பில் வைத்தால் தானாகவே நிமிர்ந்து பழையபடி தட்டை ஷீட் ஆகிவிடும். அதையே திரும்பப் போட்டோம், இந்தத் தடவை சரியாக உட்கார்ந்தது. கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை கிளாம்பைத் தொடவில்லை.

கூடுதல் ஓரத்தை நுண்பல் ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, 220, 400, 800 என்று உப்புத்தாளில் தேய்த்தேன். லேசரை இந்தத் தடவை நினைக்கவே இல்லை. பிறகு பலர் விட்டுவிடுகிற ஒரு வேலை: செய்து முடித்த துண்டை 80 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் காலை வரை ஆறவிட்டேன். உள்ளே சிக்கிய இழுவிசை தளர்வதற்காக. 80 என்பது வடிவம் கலையாத சூடு, பயப்பட வேண்டாம். அறுத்த ஒரு துண்டில் ஸ்பிரிட் தடவிச் சோதித்தேன். விரிசல் இல்லை.

ஒட்டுவது

இங்கேதான் ஃபெவிக்விக், அரால்டைட் என்று ஆளுக்கொரு யோசனை வரும். வேண்டாம். அக்ரிலிக் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.07 மி.மீ. விரியும், இரும்பு 0.012 மட்டும். காலை 20 டிகிரி, மதியம் வெயிலில் நிற்கும் காரின் மேல் 65 டிகிரி என்று வைத்தால் 880 மி.மீ. வைசரும் கதவும் தினமும் 2.3 மி.மீ. ஒன்றை ஒன்று தாண்டி நகர்கின்றன. கல் மாதிரி இறுகும் பசையில் ஒட்டினால் பசை விடும், அல்லது அக்ரிலிக் விடும். 1.1 மி.மீ. கனமுள்ள 3எம் வி.எச்.பி. நுரை டேப் பக்கவாட்டில் தன் கனத்தைப் போல மூன்று மடங்குவரை நெளிந்து கொடுக்கும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரித்தால் முனைக்கு 1.15 மி.மீ.தான். தாராளம்.

கதவுச் சட்டத்தை ஸ்பிரிட்டும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து துடைத்தேன், வைசரைச் சோப்புத் தண்ணீரில் மட்டும். டேப்பை மேல் விளிம்பில் ஓரிடத்திலும் விடாமல் ஒரே ஓட்டமாக ஒட்டவேண்டும். இடையில் வெட்டினால் அந்த இடுக்கில் இறங்கும் தண்ணீர் நேராக அப்பா தோளில்தான் விழும். கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தினேன். டேப்பின் பிடி 20 நிமிடத்தில் பாதி, 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது, 72 மணி நேரத்தில் முழுசு. மூன்று நாள் வண்டியைக் கழுவவில்லை.

பின்கதவுகளுக்குச் செய்யவில்லை. பின்னால் உட்காருகிறவர்கள் யாரும் கண்ணாடியை இறக்குவதில்லை, எனக்கும் அதற்குமேல் தெம்பில்லை.

ஓடிப் பார்த்தது

முதல் வாரம் 60 கி.மீ. வேகத்தில் ஒரு விசில் சத்தம். இடது முன்முனை சட்டத்திலிருந்து 3 மி.மீ. விலகி நின்றது, காற்று அதில் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு நுரை ரப்பர் பீடிங்கைச் செருகியதும் நின்றது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்துவிட்டன, எந்த முனையும் தூக்கவில்லை. வலது பக்கப் பின்மூலையில் மட்டும் ஒரு அங்குலத்துக்கு மயிரிழை விரிசல் வந்திருக்கிறது. அங்கே ரம்பக் கோடு ஒன்றைச் சரியாகத் தேய்க்காமல் விட்டது எனக்கே தெரியும்.

மழையில் கண்ணாடி இரண்டரை செ.மீ. இறங்கியிருந்தால் ஊருக்குள் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பைபாஸில் லாரி பக்கத்தில் போகும்போது டயர் வாரி இறைக்கிற தண்ணீரை எந்த வைசரும் தடுக்காது, ஏற்றித்தான் ஆகவேண்டும். செலவு, தோல்விகளையும் சேர்த்து 7,500 ரூபாய். அதில் பெரும்பகுதி இரண்டு மர அச்சுக்குப் போனது. அச்சுகள் பரண்மேல் இருக்கின்றன. கோவையில் எஸ்டீம் வைத்திருக்கிற யாராவது வந்து கேட்டால் கொடுப்பேன், ஆனால் அவர்கள் கதவை அளந்து பார்த்த பிறகு.

அப்பாவுக்குத் திருப்திதான். மழை உள்ளே வருவதில்லை என்று தெரிந்துகொண்டதால் இப்போதெல்லாம் இரண்டு விரலுக்குப் பதில் நாலு விரல் இறக்கி வைக்கிறார். தோள் நனைகிறது.